முன்னறையில் ஒட்டிக்கொண்ட கண்மாய்

கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. கிடக்கிறது என்பார்கள். "கம்மாயில தண்ணி கிடக்கா?" "அரைக் கம்மா கிடக்கு." படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான். ரேஷன் கடை வரிசையில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் அம்மா, "வீட்லதான் கிடக்கா" என்பாள். குறையாகச் சொல்வதில்லை, தகவலாகத்தான். அப்படி மூன்று வருடம் கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் கிடந்தேன்.

அதற்கு முன் சிவில் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் கட்டட மாடல் செய்யும் பட்டறை ஒன்றில் பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். இனிமேல்தான் கட்டப்போகிற வீடுகளைச் சிறியதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற வேலை. மரம், சாலை, காம்பவுண்டுச் சுவர், நிறுத்தியிருக்கும் கார்கள் எல்லாம் என் பொறுப்பு. நீச்சல்குளம், ஏரி, நீரூற்று என்று தண்ணீர் வந்தால் மட்டும் மூத்தவர் ஒருவர் செய்வார். நான் அவருக்கு ரெசின் கலக்கிக் கொடுப்பேன். ரெசின் என்பது தேன் மாதிரி ஒரு திரவம். அதோடு இன்னொரு திரவத்தைச் சரியான அளவில் கலந்து ஊற்றினால் ஒரு நாளில் கண்ணாடியாக இறுகிவிடும். மாடலில் அதுதான் தண்ணீர்.

ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அப்பா என் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்திருந்தார். எங்கள் குடும்பங்களில் ஜாதகம் வெளியே போய்விட்டால் பெண் வெளியே போகக்கூடாது. யார் எந்தக் கிழமையில் பார்க்க வருவார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா? "ரெண்டே மாசம்" என்றார் அப்பா. விடுதி அறையில் நான் விட்டுவந்த வாளியையும் கப்பையும் யார் எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. ஆறு வீட்டார் வந்து பார்த்தார்கள். ஆறு முறையும் முன்னறையில் பாய் சுருட்டி, நாற்காலி போட்டு, மறுபடி நாற்காலி எடுத்து, பாய் விரித்தோம்.

மூன்றாவது வருடம் பங்குனியில் பட்டறையை நடத்தும் அக்கா போன் செய்தாள். தண்ணீர் செய்கிற மூத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது வருகிற வேலைகளில் எல்லாம் ஏரியும் குளமும்தான்.

"நீ பக்கத்துல இருந்து பார்த்தவதானே கண்ணு. ஒரு சாம்பிள் பண்ணி அனுப்பு. எந்தத் தண்ணியா வேணா இருக்கட்டும். எனக்கு ஓரம் பார்க்கோணும். ஓரம் நல்லா வந்துருச்சுன்னா கிளம்பி வந்துரு. பழைய விடுதியிலேயே சொல்லி வைக்கிறேன்."

அடுத்த புதன்கிழமைக்குள் அவள் கையில் இருக்க வேண்டும். போட்டோ செல்லாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா டீ குடிக்கும்போது சொன்னேன். அதற்கு மேல் தள்ளினால் தைரியம் ஆறிவிடும்.

"கோயமுத்தூர்ல கூப்பிடுதாவப்பா. சாம்பிள் செஞ்சு அனுப்பச் சொல்லுதாவ. அது பிடிச்சிருந்தா வேலைக்கு வரச் சொல்லுதாவ."

அப்பா டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். "அவிய சரின்னு சொன்னா போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அறைக்குப் போய் ஒரு தாளில் எழுதினேன். ரெசின் இரண்டு டப்பா, பழைய பெட்டியில் இருக்கிறது, கெட்டுப்போயிருக்கிறதா பார். ரசமட்டம், பக்கத்துக் கொத்தனார் வீட்டில் இரவல். பலகை. கரிசல் மண், அரைச் சாக்கு. தாளின் அடியில் 'அவிய சரின்னு சொன்னா போ' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

எந்தத் தண்ணீரைச் செய்வது என்பதில் குழப்பமே இல்லை. நான் நன்றாகப் பார்த்திருக்கிற தண்ணீர் ஒன்றுதான். அம்மா பிறந்த ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். அங்கே கண்மாய் பங்குனியில் வற்றிப் பின்வாங்கும்போது, நடுவில் தண்ணீர் கிடக்கும். சுற்றிலும் தரை கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மண் ஈரம் குடித்து இன்னும் கறுப்பாக இருக்கும். அந்த ஒரு சாண்தான் அக்கா கேட்கிற ஓரம்.

கரிசலில் ஒரு வசதி உண்டு. குழைத்துத் தடிமனாகப் பரப்பினால் பெரிய பாளமாக வெடிக்கும், மெல்லிசாகப் பரப்பினால் சின்னச் சின்னதாக வெடிக்கும். அதாவது ஸ்கேலுக்குத் தகுந்த மாதிரி அதுவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். வேறு ஊர்க்காரர்கள் வெடிப்பைக் கத்தியால் கீறுவார்கள். நான் ஒன்றரை அடிப் பலகையில் நான்கு பக்கமும் சட்டம் அடித்து, மண்ணைப் பள்ளமாகப் பரப்பி மாடியில் வைத்தேன். மூன்று நாள் வெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. கீழே கொண்டுவந்தபோது அம்மாவே ஒரு நிமிடம் குனிந்து பார்த்தாள்.

"எங்கூரு கம்மா மாதிரியே இருக்குட்டி."

"அதேதாம்மா."

"தண்ணிய நீலமாத்தானே ஊத்துவ?"

"உங்க ஊரு கம்மாயில நீலத் தண்ணியா கிடக்கு?"

"அங்கன கிடக்கது தண்ணின்னு எனக்குத் தெரியும். கோயமுத்தூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?"

நீலம் போடவில்லை. டீயில் ஒரு சொட்டுப் பால் விட்ட நிறம் வரும்வரை பழைய ரேஷன் கார்டு உறையில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்த்தேன். பதினோராவது சொட்டு சரியாக வந்தது.

ரெசினை மட்டமான தரையில்தான் ஊற்ற முடியும். ரசமட்டத்தை வைத்து வீடு முழுக்கப் பார்த்ததில் முன்னறையின் நடுப்பகுதி மட்டும்தான் மட்டம். பக்கத்து அறையை ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கூரைவரை பண்டல் பண்டலாகத் தீப்பெட்டி. அதனால் முன்னறையில் நெருப்பு கூடாது, ஊதுபத்தி கூடாது, சூடான காற்றடிக்கும் மெஷினும் கூடாது. ஊற்றிய ரெசினில் குமிழி வந்தால் லேசாக நெருப்பைக் காட்டினால் போதும், உடைந்துவிடும். ஊருக்கே தீக்குச்சி கொடுக்கிற சுவருக்கு இந்தப் பக்கம் நான் தரையில் குப்புறப் படுத்து, இளநீர்க் குழாயால் ஒவ்வொரு குமிழியாக மூச்சு விட்டு உடைத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

அது சனிக்கிழமை காலை. மதியம் பார்த்தபோது தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. மண் குடிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கலந்து ஊற்றினேன். நாலு மணிக்கு மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி ஊற்றினேன். கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு யோசனை வந்திருக்க வேண்டும். முதல் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வெடிப்புக்குள் போகிறது. நான் மேலே தெரிகிற வெடிப்பின் அழகைப் பார்த்தேனே தவிர, அது அடிவரை போயிருக்கும் என்று நினைக்கவில்லை. காய்ந்த மண் சட்டத்தை விட்டும் சுருங்கியிருந்தது. ரெசின் வெடிப்புகளில் இறங்கி, பலகையின் மேல் ஓடி, சட்டத்தின் இடுக்கு வழியாகக் கசிந்து, பலகைக்கு அடியில் சிவப்பு சிமெண்டுத் தரையில் பரவியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கினேன். வரவில்லை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். தரையே கூட வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, விட்டுவிட்டோம்.

அப்போதுதான் அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் அக்கா. கடம்பூர்ப் பக்கமிருந்து ஒரு வீட்டார் பதினோரு மணிக்கு என்னைப் பார்க்க வருகிறார்கள். அவள்தான் பேசி வைத்திருந்தாள். முன்னறை நடுவில் கண்மாய் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏட்டி, எடுத்து அங்கிட்டு வையி."

"வரமாட்டேங்குது அத்தை. ஒட்டிக்கிட்டு."

"ஒட்டிக்கிட்டா? தரையிலயா?" அத்தை இடுப்பில் கைவைத்தாள். "நல்லா இருக்குட்டி. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய கரையில உக்காந்து காப்பி குடிக்கட்டும். வேணும்னா மீனும் பிடிச்சுக்கிடட்டும்."

அம்மா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குப் போனாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலிகளைச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் போட்டார். நடுவில் அது இருந்தது. மேலே துணி போட்டு மூடலாம் என்றாள் அத்தை. இன்னும் முழுக்க இறுகவில்லை, துணி ஒட்டிக்கொள்ளும் என்றேன். "அதுவும் ஒட்டிக்கிடுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போளி டப்பாவோடு வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய அப்பாவும் அம்மாவும் மட்டும். அந்த அப்பா உட்கார்ந்தவுடன் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். எழுந்து வந்து குனிந்து, ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டார்.

"கெட்டியால்லா கிடக்கு!"

"பிள்ள செஞ்சது அண்ணாச்சி. விளையாட்டுக்கு" என்றார் அப்பா.

"எங்க கம்மாயில இந்த வருசம் இந்த அளவுகூட கிடக்கல" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். விரல்ரேகை தண்ணீரில் பதிந்துவிட்டது. கதவுப் பக்கம் தட்டோடு நின்ற எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதை எப்படித் தேய்த்து எடுப்பது என்றுதான் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். உப்புத்தாள், முதலில் சொரசொரப்பு, பிறகு நைசு, பிறகு பாலிஷ்.

அப்போது அப்பாவின் குரல் கேட்டது.

"கோயமுத்தூர்ல ஒரு வேலை வருதுன்னு சொல்லிக்கிட்டிருக்கா. நீங்க சரின்னு சொன்னா போகட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஐந்து நாளாக என் தாளில் கோடு போட்டு வைத்திருந்த 'அவிய' இவர்கள்தான். அன்றைக்குக் காலைவரை நான் பார்த்தே இராதவர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா யோசிக்கவே இல்லை. "கல்யாணத்துக்கு முன்ன எதுக்கு அலையணும்? பெறகு பாத்துக்கிடலாம்" என்றார்.

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா.

அவர்கள் போனபிறகு அப்பாவிடம் கேட்டேன். "அவியன்னு நீங்க சொன்னது இவியளையா?"

அப்பா என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் கஷ்டம். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "வேற யாரைச் சொல்லுவேன்?" என்றார்.

எங்கள் பக்கம் 'அவர்கள்' என்பது 'அவிய'. மரியாதையான சொல். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆனால் ஜாதகம் வெளியே போன வீட்டில், பேர் சொல்லாமல் அவிய என்றால் அது ஒரே ஒரு வீட்டாரைத்தான் குறிக்கும். அந்த வீடு எது என்று இன்னும் தெரியாது, ஆள் யார் என்று தெரியாது. ஆனாலும் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அவிய இருந்தார்கள். அவியளுக்குப் பிடிக்குமோ என்னமோ என்று முடி வெட்டவில்லை. அவிய என்ன நினைப்பாவளோ என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். அப்பா சொன்ன அந்த ஒரு சாயங்காலம் மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை முன்னறையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் செய்ய ரெசின் இல்லை. வெட்டிரும்பு வைத்து அடித்தால் தரை பெயரும், தண்ணீரும் உடையும். ரெசின் பலகையை விடாது, பலகை தரையை விடாது. தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவில் இருப்பது மண் மட்டும்தான். கரிசல் மண் எப்போது பிடியை விடும்? மாட்டுவண்டி சக்கரம் மழைக்காலத்தில் வழுக்குவதை நினைத்துக்கொண்டேன். ஒரு செம்பில் நிஜத் தண்ணீர் எடுத்து ஓரங்களில் மெல்ல ஊற்றினேன். மண் குடித்தது. இன்னொரு செம்பு. ஐந்தாவது செம்புக்குப் பிறகு சட்டத்தைக் கழற்றிவிட்டு, நைலான் கயிற்றை மண்ணுக்குள் விட்டு இரண்டு கையாலும் அறுப்பதுபோல் இழுத்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு அது பலகையை விட்டு வந்தது.

கொல்லைக் குழாயடியில் கவிழ்த்துப் பிடித்துக் கழுவினேன். கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் ரெசினைக் குடித்து இறுகிய மண் மட்டும் கரையவில்லை. அது ஒரு சாண் ஈரம் மாதிரியே, நனைந்த கறுப்பில், அப்படியே நின்றது. நான் தூரிகையால் வரைந்திருந்தால் அந்தக் கறுப்பு வந்திருக்காது. அடியில் வெடிப்புகள் எல்லாம் கண்ணாடியாக இருந்தன. மண் போய்விட்டது, மண் விலகிய இடம் மட்டும், விரல்கடை ஆழத்துக்கு, மெல்லிய சுவர்களாக, ஒன்றோடொன்று பிணைந்து தொங்கியது. கடைசி நுனியில் பலகையில் ஒட்டியிருந்த இடங்கள் பிய்ந்து பல்லாக நின்றன. அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் வந்து பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அடிப்பக்கம் தொட்டாள்.

விரல்ரேகையைத் தேய்த்து எடுத்தேன். பழைய சேலை, தெர்மாகோல், மறுபடி சேலை, அட்டைப்பெட்டி, நான்கு பக்கமும் 'இப்பக்கம் மேலே' என்று அம்புக்குறி. எதற்காகக் கட்டுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாதான் பெட்டியைத் தூக்கினார். "செஞ்சது வீணாப் போக வேண்டாம். நான் பஸ்ல போட்டுட்டு வாரேன்" என்றார். வாசலில் நின்று பார்த்தேன். என் தண்ணீர் அப்பாவின் வண்டியில் பின்சீட்டில் கயிறு கட்டி உட்கார்ந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது.

புதன்கிழமை அக்கா பேசினாள்.

"கீழ என்ன கண்ணு இது, கண்ணாடியில தேன்கூடு கட்டின மாதிரி?"

"வெடிப்புக்கா. தண்ணி உள்ள இறங்கிருச்சு."

"வேணும்னே பண்ணினயா?"

"இல்லக்கா. தப்பு."

ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "ஓரம் அப்படியே நனைஞ்சிருக்குதே" என்றாள். "எப்பக் கிளம்பற?"

அதே வாரம் கடம்பூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை, தரையிலிருந்த கண்மாய்தான் காரணம் என்று அத்தை இன்றுவரை சொல்கிறாள். நான் அப்பாவிடம் போனேன். "அந்த அவிய வேண்டாம்னுட்டாவ. இந்த அவிய சரின்னுட்டாவ" என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்க. பத்திரமாப் போயிச் சேந்துட்டுல்லா?" என்றார். "அப்ப இங்கனயே இருந்து செஞ்சு அனுப்பு. பஸ்லதான் போவுதே."

சேலை, தெர்மாகோல், அம்புக்குறி என்று அவ்வளவு ஒழுங்காகக் கட்டியது நான்தான். அக்காவும் முதலில் சலித்துக்கொண்டு, பிறகு ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து ஒன்பது தண்ணீர் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டு நீச்சல்குளம், கோயில் தெப்பம் ஒன்று, வாய்க்கால் மூன்று, தாமரைக் குளம், மழை பெய்து தேங்கிய சாலை, ஒரு கிணறு. கிணறுதான் சின்னது, உள்ளங்கை அளவு. அதை அனுப்பிய அன்றைக்கு, இவ்வளவு சின்னதுகூடப் போய்விட்டதே என்றிருந்தது.

அம்மா இப்போது ரேஷன் கடையில், "வீட்ல தண்ணி செஞ்சுக்கிட்டுக் கிடக்கா" என்கிறாளாம். முன்னறைத் தரையில் அந்தப் பலகை இன்னும் ஒட்டியிருக்கிறது. அதன் மேல்தான் என் வேலைமேசை. ஜாதகம் இன்னும் வெளியேதான் இருக்கிறது.

போன மாதம் அக்கா ஒரு அணைக்கட்டு மாடலுக்குப் படம் கேட்டாள். ஐந்தடிக்கு இருந்தால் போதும், நீ யோசித்து வரைந்து அனுப்பு என்றாள். வரைந்தேன். எட்டுக்கு எட்டடி. தண்ணீர் கரைக்குக் கரை, நடுவில் தீவோ பாலமோ இல்லாமல், ஒரே பரப்பு. வாடிக்கையாளருக்குப் பிடித்துவிட்டது. படத்தை மேசையில் விரித்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு துண்டாச் செஞ்சு அங்கன போயி ஒட்டிக்கிட முடியாதா?"

"மண்ணை ஒட்டலாம்பா. தண்ணிய ஒட்டினா கோடு தெரியும். ஒரே மூச்சுல ஊத்தணும்."

"சரிச்சுத் தூக்கிட்டுப் போனா?"

"எட்டடி. எப்படிச் சரிச்சாலும் நிலையில இடிக்கும்."

அப்பா என் டேப்பை எடுத்தார். வாசல் நிலையின் அகலத்தை அளந்தார், மூன்றே கால். உயரத்தை அளந்தார், ஆறே கால். பிறகு கதவை முழுக்கத் தள்ளிவைத்துவிட்டு, அகலத்தை இன்னொரு தடவை அளந்தார். டேப் இழுபட்டபடி அவர் கையிலேயே இருந்தது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"அங்கன போயி ஊத்தி, அது இறுகுறதுக்கு எத்தனை நாளுட்டி ஆவும்?"